வியாழக்கிழமைகளில் வந்தவர்களுக்கு

அன்புள்ள அக்காமார், அண்ணாமார், மாமிமார் எல்லோருக்கும்,

வீட்டில் ஒருவரைப் பார்ப்பவர்களைப் பற்றிய எங்கள் அறிக்கை முடிந்து, போன கிழமை லண்டன் ஹரோ கவுன்சிலில் கொடுத்துவிட்டோம். அதன் முதல் பக்கத்தில் உங்களுக்கு இரண்டு வரி நன்றி இருக்கிறது. ஆனால் அது ஆங்கிலத்தில் இருக்கிறது, உங்களில் பாதிப் பேர் அதை வாசிக்கப்போவதும் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறேன். ஹரோவில் நோயாளியையோ வயதானவரையோ சம்பளமில்லாமல் வீட்டில் வைத்துப் பார்க்கும் தமிழருக்கும் குஜராத்தியருக்கும் சோமாலியருக்கும் என்ன உதவி போய்ச் சேருகிறது, எது சேரவில்லை என்று அறியத்தான் புறப்பட்டோம். படிவத்தின் முதல் கேள்வி, "நீங்கள் ஒரு பராமரிப்பாளரா?" கோயில் வாசலில் நின்று ஒரு காலை முழுக்கக் கேட்டோம். எல்லோரும் இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். "கேரரோ? அது காசுக்கு வாற பிள்ளையள்" என்றார் ஒரு மாமி. பக்கவாதம் வந்த கணவரைப் பதினொரு வருடமாகக் குளிக்க வார்த்து, உணவூட்டி, இரவில் திருப்பிப் படுக்க வைப்பவர் அவர்.

எங்களைத் திருத்தியவரும் அவர்தான். செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "பிள்ளை, வீட்டில ஆரைப் பாக்கிறியள் எண்டு கேள்." அடுத்த வெள்ளி அப்படியே கேட்டோம். ஆட்கள் நின்றார்கள், கதைத்தார்கள், சிலர் அழுதார்கள். வேடிக்கை என்னவென்றால், 2021 குடிசன மதிப்பீட்டுப் படிவமும் 'கேரர்' என்ற சொல் இல்லாமல், யாரையாவது பார்த்துக்கொள்கிறீர்களா என்றுதான் கேட்டிருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 50 இலட்சம் பேர் ஆம் என்று பதிந்ததும் அந்தக் கேள்விக்குத்தான். நாங்கள் அதைப் பார்த்துவிட்டாவது தொடங்கியிருக்கலாம்.

அப்புறம் மற்றக் கேள்விகளையும் உங்களிடமே விட்டோம். 'ஓய்வுப் பராமரிப்பு' என்று நாங்கள் மொழிபெயர்த்ததை வாசித்துவிட்டு, "அம்மாவை எங்கேயோ கொண்டுபோய் விடச் சொல்லுகினமோ?" என்று ஒரு அண்ணா கோபப்பட்டார். அரை மணித்தியாலம் வாக்குவாதம். கடைசியில் "நீங்கள் வெளியே போய்வரும் வரை வேறொருவர் வந்து வீட்டில் இருப்பது" என்று எழுதினோம். நீளம்தான், ஆனால் விளங்குகிறது. குஜராத்திக் குழுவும் தங்கள் படிவத்தில் அந்த வரியை இப்படித்தான் விரித்து எழுதியது.

வியாழன் பத்தரை முதல் பன்னிரண்டரை வரை என்று நேரம் வைத்ததும் நீங்கள்தான். பிள்ளைகளைப் பள்ளியில் விட்ட பிறகு, வீட்டில் மதியச் சாப்பாடு கொடுப்பதற்கு முன். ஒரு அக்கா ஃபோனை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டே பேட்டி கொடுத்தார். திரையில் அவர் வீட்டுக் குசினி. மறதி நோய் வந்த தகப்பன் அடுப்புப் பக்கம் போனால், பேச்சை நிறுத்திவிட்டு "அப்பா, கதிரையில இருங்கோ" என்பார். அந்த ஒலிப்பதிவில் அந்த வரி ஏழு இடத்தில் வருகிறது. தட்டெழுதும்போது ஒன்றையும் வெட்டவில்லை.

வரவே முடியாத ஒருவர் இரவு இரண்டு மணிக்கு வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பினார். பின்னால் ஒக்சிசன் இயந்திரம் ஓடும் சத்தம். அறிக்கையில் இரவைப் பற்றிய பகுதி முழுக்க அவருடையது.

காசு விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. வந்து போகும் நேரத்துக்கு ஏதாவது தருவதுதான் முறை என்று நினைத்தோம். கிழமைக்கு 35 மணித்தியாலமாவது ஒருவரைப் பார்ப்பவருக்குக் கிடைக்கும் 'கேரர்ஸ் அலவன்ஸ்' என்ற அரச உதவித்தொகை இதனால் நின்றுபோகுமோ என்று நீங்கள் கேட்டபோது எங்களுக்குப் பதில் தெரியவில்லை. அந்த உதவித்தொகை எடுப்பவர் உழைக்கக்கூடிய எல்லை 2025 ஏப்ரலில் கிழமைக்கு 196 பவுணாக உயர்ந்தது. எல்லையை ஒரு பவுண் தாண்டினாலும் முழுத்தொகையும் போய்விடும். ஆலோசனை நிலையத்திலிருந்து வந்த தங்கை ஒவ்வொருவரோடும் தனியாக இருந்து கணக்குப் பார்த்தார். அரச ஓய்வூதியம் எடுப்பவருக்கு அந்தத் தொகை பெரும்பாலும் கையில் வராவிட்டாலும், விண்ணப்பித்து வைத்தால் பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த ஓய்வூதியருக்கு அரசு தரும் மேலதிகக் காசு) கூடலாம் என்று அவர் சொன்னது பலருக்குப் புதிது. எனக்கும்தான். அந்தத் தங்கைக்குத் தனி நன்றி.

மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த கோயில் நிர்வாகத்துக்கு நன்றி. தேத்தண்ணியும் கட்லட்டும் போட்ட இரண்டு அன்ரிமாருக்கும், சோமாலியிலும் குஜராத்தியிலும் பேட்டி எடுத்த தோழிகளுக்கும், தமிழ்ப் பள்ளி மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கும் நன்றி. பிள்ளைகளிடம் சுவரொட்டி ஒட்டும் வேலையை மட்டும்தான் கொடுத்தோம், மொழிபெயர்க்க விடவில்லை. தாயின் வருத்தத்தை டொக்டருக்குப் பிள்ளை எடுத்துச் சொல்லும் கொடுமை வீட்டிலேயே போதும்.

முதல் நாள் ஒரு மாமா கேட்டார்: "முந்தியும் வந்து கேட்டவை. பிறகு ஆளைக் காணேல்லை. நீங்களும் அப்பிடியோ?" அவருக்கான பதில் இது. 2014 பராமரிப்புச் சட்டப்படி, பார்க்கிறவரின் தேவையையும் கவுன்சில் தனியாக மதிப்பிட வேண்டும். அதற்கான படிவத்தில் முதல் கேள்வியை உங்கள் சொற்களில் மாற்றச் சம்மதித்திருக்கிறார்கள். இரவில் வந்து நிற்க ஆள் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை, திரும்பக் கேட்போம்.

தமிழில் பன்னிரண்டு பக்கச் சுருக்கமும் அதன் ஒலிப்பதிவும் வரும் வியாழன் அதே மண்டபத்தில், அதே நேரத்தில் கிடைக்கும். வர முடியாதவர்கள் சொல்லுங்கள், வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். மற்றது, இரண்டு சாப்பாட்டுப் பெட்டியும் ஒரு கறுப்புக் குடையும் அங்கே கிடக்கின்றன. யாருடையதோ, வந்து எடுங்கள்.

அன்புடன்,
வீட்டில் அம்மாவைப் பார்க்கும் உங்களில் ஒருத்தி