வேளச்சேரி வீட்டு விஷயமாக

ஸ்ரீவைகுண்டம்,
பிப்ரவரி 2024

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். போனில் பேசினால் "சரிப்பா, பார்க்கிறேன்ப்பா" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு நீ மட்டும் வந்தாய். பாப்பாவுக்குப் பள்ளியில் விடுமுறை விடவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். பொங்கலுக்கு விடுமுறை விடாத பள்ளிக்கூடத்தை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. அது இருக்கட்டும். வீட்டுக்காரர் டிசம்பர் மாத வாடகையை முழுதாக வாங்கிக்கொண்டார் என்றும், காலி செய்வதானால் அட்வான்ஸில் பெயிண்டுக்கும் வயரிங்குக்கும் பிடித்துக்கொள்வேன் என்கிறார் என்றும் சாப்பிடும்போது ஒரே ஒரு வாக்கியம் சொன்னாய். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கை கழுவப் போய்விட்டாய். அந்தப் பதில்தான் இது.

மிக்ஜாம் புயல் மழையில் டிசம்பர் 4ஆம் தேதி உள்ளே வந்த தண்ணீர் வடிந்த பிறகு நீ அனுப்பிய படம் அம்மாவின் போனில் இன்னும் இருக்கிறது. கூடத்துச் சுவரில் சுவிட்ச் போர்டுக்கு நான்கு விரற்கடை மேலே சேற்றுக்கோடு. போர்டின் திருகாணிகளிலிருந்து துரு வழிந்து சுண்ணாம்பில் இறங்கியிருக்கிறது. அந்தப் படத்தை எக்காரணம் கொண்டும் அழித்துவிடாதே. தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது, அதனால் கெட்டது எது என்பதற்கு அதைவிடச் சாட்சி கிடையாது.

நம் மாநிலத்தின் வாடகைச் சட்டம் 2017இல் நிறைவேறி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எந்தப் பழுது யார் பொறுப்பு என்று அதன் அட்டவணையிலேயே பிரித்து எழுதியிருக்கிறார்கள். கட்டுமானப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு சன்னலுக்கு வர்ணம், குழாய் மாற்றுவது, வீட்டின் வயரிங் ஆகியவை உரிமையாளரைச் சேர்ந்தவை. குழாய்க்கு வாஷர் போடுவது, சுவிட்சும் பிளக்கும் சரிசெய்வது, தாழ்ப்பாள், உடைந்த கண்ணாடி போன்ற சில்லறைகள் குடியிருப்பவருடையவை. நீயாகச் சுவரைக் கெடுத்திருந்தால் பேச்சு வேறு. வெள்ளம் கெடுத்த சுவருக்கு உன் அட்வான்ஸிலிருந்து பெயிண்ட் அடிக்க அவருக்கு வழி கிடையாது. எட்டு சுவிட்ச் மாற்றும் செலவை வேண்டுமானால் நீ ஏற்றுக்கொள். அதில் பெருந்தன்மையாக இரு.

அட்வான்ஸ் விஷயத்தில் நீ ஏமாளியாக இருந்துவிட்டாய் என்றுதான் சொல்வேன். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. சென்னையில் பத்து மாதம் வாங்குவது ஊர் வழக்கம் என்று நீ சொன்னபோது நானும் கேட்டுக்கொண்டேன். காலி செய்து சாவியைக் கொடுத்த ஒரு மாதத்துக்குள், உன் பாக்கி ஏதும் இருந்தால் அதை மட்டும் கழித்துக்கொண்டு, மீதியை அவர் திருப்பித் தர வேண்டும். அதற்குள் உன்னைக் கிளப்புவதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தவும் கூடாது. வெளியேற்ற வேண்டுமானால் அவர் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். நீ வெளியே போயிருக்கும் நேரத்தில் பூட்டை மாற்றும் அதிகாரம் யாருக்கும் இல்லை.

ஆனால் உன் பக்கத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அந்தப் பதினொரு மாத ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதிப் பீரோவில் வைத்தாயே தவிர, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தாயா? அங்கே போனால் முதலில் கேட்பது அந்தப் பதிவு எண்ணைத்தான். வீட்டுக்காரர் உன்னோடு வராவிட்டால் நீ தனியாகவும் விவரம் தாக்கல் செய்யலாம். வாடகையை வங்கி வழியாக அனுப்பியிருக்கிறாய். அந்த மட்டும் புத்தி. அந்தக் கணக்கு விவரத்தை அச்செடுத்து வை.

டிசம்பர் வாடகையைப் பொறுத்தவரை உனக்குச் சாதகமாக மட்டும் பேச என்னால் முடியவில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 108ஆம் பிரிவு இருக்கிறது. தீயோ புயலோ வெள்ளமோ குடியிருக்கும் இடத்தின் முக்கியமான பகுதியை முற்றிலும் அழித்துவிட்டாலோ, நிரந்தரமாகப் பயன்படாமல் செய்துவிட்டாலோ, குத்தகை செல்லாது என்று சொல்லும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. 'நிரந்தரமாக' என்ற சொல்லைக் கவனி. தண்ணீர் வடிந்து, கழுவிவிட்டு நீ மறுபடி உள்ளே போய்விட்ட வீட்டுக்கு அது பொருந்தாது. 2021இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த மாதிரி வாடகைச் சட்டத்தில், இயற்கைச் சீற்றத்தால் குடியிருக்க முடியாமல் போன வீட்டுக்கு, அதை மறுபடி சரிசெய்து தரும் வரை வாடகை கேட்கக் கூடாது என்று தெளிவாகவே இருக்கிறது. ஆனால் பெயரே மாதிரி. மாநிலங்கள் எடுத்துக்கொண்டால்தான் சட்டம். அதை வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே நீட்டிச் சண்டை போடாதே. நியாயம் இது என்று காட்டிக் கேள். டிசம்பர் நடுவில் நம் ஊரிலும் வெள்ளம் வந்ததே, அப்போது நம் வீட்டு முன்பக்கத்துக் கடையில் தையல் மெஷின் மோட்டார் எல்லாம் தண்ணீரில் மூழ்கி நின்ற தையல்காரரிடம் நான் டிசம்பர் வாடகையும் வாங்கவில்லை, ஜனவரியும் வாங்கவில்லை. எந்தச் சட்டமும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. உன் வீட்டுக்காரரும் மனிதர்தானே, கேட்டுப் பார்க்காமல் இல்லை என்று நீயே ஏன் முடிவு செய்கிறாய்?

கேட்பது உனக்கு எப்போதுமே கௌரவக் குறைச்சல். பள்ளியில் படிக்கும்போது கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தைக்கூடப் பையிலேயே வைத்திருந்தவன் நீ. அந்த வெள்ளத்தில் நம் ஊர் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோனபோது, அதில் மாட்டிக்கொண்ட 800 பேருக்குப் பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள் தங்கள் வீடுகளும் தண்ணீரில் இருக்கும்போதே உலை வைத்தார்கள். பசித்தவர்கள் கேட்டார்கள், இருந்தவர்கள் கொடுத்தார்கள். அதில் யாருக்கும் தலைகுனிவு வந்ததாகத் தெரியவில்லை.

அரசு நிவாரணத்தையும் நீ இப்படித்தான் விட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். சென்னையில் 6,000 ரூபாய் ரேஷன் அட்டைக்குத்தான் வந்தது. அட்டை இல்லாதவர்களும் ரேஷன் கடையில் விண்ணப்பம் கொடுக்கலாம் என்று அறிவித்தார்களே, கொடுத்தாயா? உன் பெயர் இன்னும் இந்த ஊர் அட்டையில் இருக்கிறது. கல்யாணம் ஆனதிலிருந்து பெயரை மாற்று, தனி அட்டை எடு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நமது வட்டத்துக்கும் 6,000 வந்தது. அம்மா அதில் பாதியைத் தனியாக முடிந்து வைத்திருக்கிறாள், கேட்டால் அவன் பெயருக்கும் சேர்த்து வந்ததுதானே என்கிறாள். வாடகைக்கு இருப்பவனை நிவாரணக் கணக்கு அட்டை வழியாகத்தான் பார்க்கிறது. தாலுகா ஆபீசில் வேலை பார்த்த காலம் முழுவதும் நான் கண்டது இது. வெள்ளத்தில் போன கட்டிலும் ஃபிரிட்ஜும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

சொந்த வீடு என்றால் எல்லாம் எளிது என்று நினைத்துவிடாதே. பின்கட்டுச் சமையலறைச் சுவர் சாய்ந்ததை நீ வந்தபோது பார்த்தாய். பேரிடர் நிவாரண விதிப்படி ஒரு பகுதி இடிந்த காரை வீட்டுக்கு, சேதம் குறைந்தது 15 சதவீதம் இருந்தால், 6,500 ரூபாய். முழுவதும் போனால் சமவெளியில் 1,20,000. தூத்துக்குடி, திருநெல்வேலி என்ற நம் இரண்டு மாவட்டங்களுக்கும் மாநில அரசு தனியாக, புதிதாகக் கட்ட 4 லட்சம் வரை, பழுது பார்க்க 2 லட்சம் வரை என்று அறிவித்திருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார். ஆனால் பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. ஊரார் மனுக்களை எல்லாம் சரிபார்த்தவன் வீட்டிலேயே இப்படி. பெரியப்பா விஷயம் உனக்குத் தெரியும், அதைப் பற்றி எழுத வேண்டியதில்லை. வாரிசுச் சான்றிதழ் கையில் இருக்கிறது, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் குறித்துக்கொள். பாரத் கிருஹ ரக்ஷா என்று ஒரு காப்பீடு 2021 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. அதில் வெள்ளமும் அடங்கும். வீடு குடியிருக்க முடியாமல் போனால் வேறு இடத்தில் தங்கும் வாடகையைக்கூட அது ஈடுகட்டும். சொந்த வீடு இல்லாதவர்கள் பொருட்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வீட்டுக்குப் போனவுடன் முதல் வேலையாக இதைச் செய்.

அடுத்த வீடு என்றுதான் எழுதுகிறேன், கவனி. பாப்பாவும் மருமகளும் தாம்பரத்தில் சம்பந்தி வீட்டில் இருப்பது ஈரச் சுவருக்காகத்தான் என்று நீ சொன்னாய். நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம். சுவர் பிப்ரவரி வெயிலில் காய்ந்திருக்கும். இருந்தாலும் அந்தக் கீழ்வீட்டுக்கு அவர்களை மறுபடி கூப்பிடாதே. 2015இலும் அந்தத் தெருவில் தண்ணீர் நின்றது என்று நீதான் சொன்னாய். முதல் மாடியில், இரண்டு அறை உள்ள வீடாகப் பார். பார்க்கப் போகும்போது மருமகளையும் கூட்டிக்கொண்டு போ. அவளுக்குப் பிடித்ததை முடி, வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. அட்வான்ஸுக்குக் குறைந்தால் என்னிடம் கேள். அவளுடைய நகையில் கை வைக்காதே. ஏற்கெனவே வைத்திருந்தால் அதையும் சொல், நான் திட்டமாட்டேன்.

வீட்டுக்காரருக்குக் கடிதத்தை இந்த வாரமே எழுது. என்ன பழுது, எந்தத் தேதியில் தண்ணீர் வந்தது, வயரிங்கைச் சரிசெய்து தர எத்தனை நாள் அவகாசம், எப்போது காலி செய்கிறாய், அட்வான்ஸ் எவ்வளவு வர வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதி, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையுடன் அனுப்பு. வாட்ஸப்பில் அனுப்பியதோடு நிறுத்திவிடாதே. எழுத்தில் கொடு என்று எத்தனை தடவை சொன்னாலும் நீ வாயால் பேசிவிட்டு வந்து நிற்பாய், அதனால் மறுபடியும் சொல்கிறேன், எழுத்தில் கொடு. வாடகை அதிகாரியிடம் போக வேண்டிய நிலை வந்தால் தனியாகப் போகாதே, நானும் வருகிறேன். அப்படியே தாம்பரத்தில் இறங்கிப் பாப்பாவையும் பார்த்துவிடுவேன். முத்துநகர் எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் கிடைப்பது கஷ்டம், அதனால் தேதியை முன்கூட்டியே சொல்.

அன்புடன்,
அப்பா