பச்சை நோட்டில் ஒரு தேதி

பாப்பாவுக்கு,

நீ பேசிப் பதினெட்டு நாள் ஆகிறது. எண்ணிக்கொண்டிருக்கவில்லை, காலண்டர் கண்ணெதிரே தொங்குகிறது. அம்மா கேட்கும்போதெல்லாம் "டியூட்டி ஜாஸ்தி" என்று சொல்லிவைக்கிறேன். அவள் நம்புகிற மாதிரி தெரியவில்லை.

நான் நன்றாக இருக்கிறேன். முட்டிக்குப் போட்டுக்கொண்டிருந்த வலி மாத்திரையை நீ சொன்னபடி நிறுத்திவிட்டேன். கிட்னிக்குப் பார்க்கும் கிரியேட்டினின் ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்பினேனே, நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. முன்பெல்லாம் அரை மணி நேரத்தில் என் வயது, எடை எல்லாம் போட்டு கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று பார்க்கும் அந்த காக்ராஃப்ட்-கால்ட் கணக்கை முடித்து, கூடவே நாலு திட்டும் அனுப்புவாய். 1976இல் வந்த கணக்கு இன்னும் ஓடுகிறது, உன் திட்டுதான் நின்றுவிட்டது.

போன தடவை "சிரிஞ்ச் மாறிடுச்சுப்பா" என்று ஆரம்பித்தாய். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாய். நான் எதுவும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. பொதுவாகச் சொல்கிறேன். சிவப்பு மூடி சிரிஞ்ச் மில்லிக்கு 40 யூனிட் இன்சுலினுக்கு, ஆரஞ்சு மூடி மில்லிக்கு 100 யூனிட் இன்சுலினுக்கு. 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடியில் 10ஆம் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். உனக்குத் தெரியாததா, எனக்கே படம் போட்டுக் காட்டியவள் நீதானே. ஆனாலும் ராத்திரி தூக்கம் வராமல் இந்தப் பெருக்கலையே போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஐசியூ ரவுண்ட்ஸில் வான்கோமைசின் டோஸை நீ சொல்ல, டாக்டர் எழுதிக்கொண்டார் என்றதும் தெரு முழுக்கச் சொன்னேன். கேட்டவர்களுக்கு அது மருந்தா ஊரா என்றுகூடத் தெரிந்திருக்காது. அப்புறம் ஆராய்ச்சி. நரஞ்சோவின் 10 கேள்விகளை வைத்துக்கொண்டு, வந்த அரிப்புக்கு மருந்து காரணமா நோய் காரணமா என்று கேஸ் கேஸாக மார்க் போட்டாய். முடித்துவிட்டுப் போ என்று எத்தனை தடவை சொன்னேன்! "நடந்து முடிஞ்சதை எண்ணிக்கிட்டு உக்கார முடியலப்பா, மருந்து வாய்க்குள்ள போற இடத்துல நிக்கணும்" என்று கிராமத்துக்குக் கிளம்பிவிட்டாய். பிடிவாதம் அம்மா வழி. பெரிய ஆஸ்பத்திரியில் உன் கணக்கை இன்னொருத்தர் பார்ப்பார். அங்கே வாரத்துக்கு இரண்டு நாள் டாக்டர், ஒரே நர்ஸ், கரண்ட் போனால் பிரிட்ஜுக்குள் தெர்மாமீட்டர் 8 டிகிரியைத் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொண்டு நீ ஒருத்தி. தப்பு நடந்தால் உன் தப்பு மட்டும்தானா அது? இரண்டு மாதிரி சிரிஞ்சையும் ஒரே டப்பாவில் போட்டு அனுப்பியவர்கள் யார்?

சரி, நான் கேட்கவில்லை என்றேன் அல்லவா.

நேரத்துக்குச் சாப்பிடு. தூங்காமல் டோஸ் கணக்குப் போடாதே. எது நடந்தாலும் அன்றைக்கே மணியோடு எழுதி வைத்துவிடு. எத்தனை மணி, யார் இழுத்தது, யார் போட்டது, சர்க்கரை எவ்வளவு இருந்தது, எல்லாம். மறுநாள் எழுதினால் நம் கையே நமக்குச் சாதகமாக எழுதும். அன்றைக்கே எழுது.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றுதான் மூன்று நாளாக இந்தக் கடிதத்தை முடிக்காமல் வைத்திருக்கிறேன். மருந்துகளால் வரும் கடும் பாதிப்பை ஐந்து வருஷத்தில் பாதியாக்குவோம் என்று 2017இல் உலக சுகாதார நிறுவனம் கிளம்பியபோது நீ போஸ்டர் அனுப்பினாய். அடியில் "முதலில் பிடித்தவர் என் அப்பா" என்று எழுதியிருந்தாய். அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. அதைத் திறக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

வாய்ப்புண் பாட்டி கதை நீ நினைக்கிற மாதிரி நடக்கவில்லை பாப்பா. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட், சீட்டில் தினம் ஒன்று என்று இருந்தது. வாரத்துக்கு ஒரு நாள் மருந்து. பார்த்ததும் கை நின்றது, அதுவரை நிஜம். ஆனால் முந்தின வாரம்தான் வேறொரு சீட்டைப் பற்றிக் கேட்கப்போய், "நீ டாக்டரா நான் டாக்டரா" என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். மருந்து கொடுக்கிற கவுண்டரில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கொடுத்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் மகன் தோளைப் பிடித்து அழைத்துவந்தான். உதடெல்லாம் வெடித்து, வாயைத் திறக்க முடியாமல் விரலால் காட்டினார். அப்போதுதான் போன் போட்டேன். வெள்ளணு சரிந்திருந்தது. முறிவு மருந்தாக ஃபோலினிக் ஆசிட் கொடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். "நல்லவேளை, நீங்கள் பிடித்தீர்கள்" என்று அந்த மகன் கையைப் பிடித்துக்கொண்டான். நான் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அந்தப் பன்னிரண்டு நாளும் கதையிலிருந்து கழன்றுவிட்டது. நீ அதைக் கேட்டு வளர்ந்தாய். காலேஜ் இன்டர்வியூவில் அதையே சொன்னாய், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

அதை நான் அப்போது குறித்துவைத்த பச்சை நோட்டைத் தபாலில் அனுப்புகிறேன். பக்கத்தை மடித்துவைத்திருக்கிறேன். பிடித்த தேதியை அடித்துவிட்டு, மருந்து கொடுத்த தேதியையே மேலே போட்டிருப்பேன். மை வேறு நிறம், பார்த்தாலே தெரியும்.

அப்பா

பி.கு.: கிரியேட்டினின் 1.4. நீ பார்த்தாய் என்பது எனக்குத் தெரியும்.