நூல் மாற்றுகிற நேரம்

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. பத்துத் தாள் திருத்துவதற்குள் பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் எதையோ ஏற்ற வேண்டியிருக்கிறது, அதை முடிப்பதற்குள் ஏதோ ஒரு பையனின் அம்மா வாட்ஸ்அப்பில் மார்க் கேட்கிறார், மறுபடி தாளை எடுத்தால் இந்தக் கேள்விக்கு இதுவரை எப்படி மார்க் போட்டுக்கொண்டு வந்தோம் என்பதே மறந்துவிடுகிறது என்று எழுதியிருந்தாய். வேலை அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் உன் நேரத்தில் பாதி தாவுவதிலேயே போகிறது என்று எனக்குப் படுகிறது. என் தையல் கடையில் அதை நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது என்று பேர்தான், தை முகூர்த்தத்து ஜாக்கெட் எல்லாம் இப்போதுதான் வந்து குவிகிறது. வந்த வரிசைப்படி ஒவ்வொன்றாக வெட்டி, தைத்து, ஹூக் வைத்து முடிப்பது என்று ஆரம்பித்தால் பொங்கல் தாண்டிவிடும். மெரூனுக்கு அடுத்து பச்சை, பச்சைக்கு அடுத்து மறுபடி மெரூன் என்று போனால் ஒவ்வொரு தடவையும் மேல்நூல் மாற்ற வேண்டும், அடிநூல் சுற்றிய பாபின் மாற்ற வேண்டும். ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினில் என்றால் எல்லாக் கோன் நூலையும் அவிழ்த்துக் கட்ட வேண்டும். அதனால் லைனிங் துணியை எல்லாம் முதல் நாளே மொத்தமாக நனைத்துக் காயப் போட்டுவிடுவேன் (சாயம் போகிற சிவப்பு மட்டும் தனி பக்கெட், அதில் சமரசமே இல்லை). வெட்டுகிற வேலை காலையில் கடை திறப்பதற்கு முன்பு. பட்டில் கத்தரி தவறினால் திருப்ப முடியாது, அந்த நேரத்தில் போன் பக்கமே போக மாட்டேன். அப்புறம் நிறவாரியாகத் தைப்பது. ஹெம்மிங்கும் ஹூக்கும் பக்கத்துத் தெருப் பெண்களுக்குச் சாயங்காலம் மொத்தமாகப் போய்விடும். இஸ்திரிகூட அப்படித்தான், சூடு குறைவாக இருக்கும்போதே பட்டுத் துணியையெல்லாம் முடித்துவிட்டுத்தான் பருத்திக்கு ஏற்றுவேன், ஏனென்றால் பெட்டி சீக்கிரம் சூடாகும், ஆறத்தான் நேரம் பிடிக்கும்.

உன் விடைத்தாளுக்கும் இதையே செய்து பார். ஒரு பையனின் தாளை முதலிலிருந்து கடைசிவரை திருத்தாமல், வகுப்பு முழுக்க முதல் நெடுவினாவை மட்டும் திருத்து, பிறகு அடுத்ததற்குப் போ. விடைக்குறிப்பு மனதில் நிற்கும், வேகம் தானாக வரும். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. 2002-ல் பொருளாதார நோபல் வாங்கினாரே டேனியல் கானமன், உளவியல் பேராசிரியர், அவர் இப்படித்தான் மாற்றிக்கொண்டாராம். முதல் விடைக்குப் போட்ட மார்க் கண்ணில் படாமல் இருக்கவும் வழி செய்துகொண்டு அடுத்த விடையைத் திருத்தினால், ஒரே மாணவனுக்கு ஒரு விடையில் நல்ல மார்க்கும் இன்னொன்றில் மோசமான மார்க்கும் விழுந்ததாம். அதுவரை முதல் விடை நன்றாக இருந்தால் அந்த நல்லெண்ணமே அடுத்த விடைக்கும் மார்க் வாங்கிக் கொடுத்திருக்கிறது. அழகான கையெழுத்துக்கு நீ எப்போதும் இளகுவாய் என்பது எனக்குத் தெரியாதா!

ஆனால் இதை ஒரேயடியாகப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. வந்த துணியை எல்லாம் ஒரே மூச்சில் வெட்டிப் போட்டால் கடை நிறையத் துண்டுதான் இருக்கும், ஜாக்கெட் ஒன்றுகூட இருக்காது. புதன்கிழமை வாங்க வந்தவர் என் முறையைக் கேட்டு மெச்சிக்கொண்டு போக மாட்டார். ஒருவர் ஜாக்கெட்டின் கை இன்னொருவர் ஜாக்கெட்டின் உடலோடு சேர்ந்துவிடும் ஆபத்து வேறு. அதனால் முதலில் கொடுக்க வேண்டிய தேதியைப் பார்த்துச் சின்னக் கட்டாகப் பிரிப்பேன், அதற்குள்தான் நிறம்.

திருச்சியில் மெக்கானிக்கல் படிக்கிற என் பையனிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவன் டொயோட்டா கதையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அங்கே தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கிற ஒரு ஆயிரம் டன் பிரஸ்ஸில் அச்சு மாற்றவே நான்கு மணி நேரம் ஆகுமாம். அவ்வளவு நேரம் போனால் மாற்றின அச்சில் மலைபோல அடித்துக் குவிக்கத்தான் தோன்றும். 1969-ல் ஷிகியோ ஷிங்கோ என்பவர் போய், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்துவைக்கக்கூடிய வேலைகளை எல்லாம் முன்கூட்டியே முடிக்க வைத்து, முதலில் ஒன்றரை மணி, பிறகு மூன்றே நிமிடம் என்று குறைத்துவிட்டாராம். மாற்றுவது சுலபமாகிவிட்டால் குவிக்க வேண்டிய அவசியமே இல்லை என்றான். எனக்குச் சுருக்கென்று இருந்தது, ஆனால் பையன் சொன்னது நியாயம். இப்போது அதிகம் வருகிற நிறங்களுக்கு எல்லாம் பாபினில் முன்னாடியே நூல் சுற்றி டப்பாவில் வைத்திருக்கிறேன், இடையில் ஒரு அவசர வேலை வந்தால் முன்னைப்போல எரிச்சல் வருவதில்லை. நீயும் தாளை விட்டு எழுந்திருக்கும்போது எந்தக் கேள்வியில், எத்தனையாவது தாளில் நிற்கிறாய், பாதி விடைக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று மேல்தாளில் பென்சிலால் ஒரு வரி எழுதிவிட்டுப் போ.

வாட்ஸ்அப்புக்கு மதியம் ஒரு நேரம், சாயங்காலம் ஒரு நேரம் வைத்துக்கொள், அதைப் பெற்றோர் குழுவிலேயே சொல்லிவிடு. இரண்டு பேர் முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான். தலைமையாசிரியர் கூப்பிட்டால் மட்டும் எடு! மாமியார் மாத்திரை, பாப்பாவின் போன் இதையெல்லாம் எந்தக் கட்டிலும் சேர்க்க முடியாது, முயற்சியும் பண்ணாதே.

பாப்பாவுக்குத் தையில் நிச்சயம் என்பதைக் கடைசி வரியில் எழுதுகிறாயே, உன்னை என்ன சொல்ல! ஜாக்கெட் நான்தான் தைப்பேன், காசு பேச்சு எடுக்காதே. அளவு ஜாக்கெட் அனுப்பும்போது பழசு எதையாவது அனுப்பாமல் இப்போது அவளுக்குச் சரியாக இருப்பதைப் பார்த்து அனுப்பு, புடவையையும் சேர்த்தே அனுப்பு. கழுத்து எப்படி வேண்டும், கைக்கு ஆரி வேலை உண்டா என்று அவளையே போன் பண்ணச் சொல். காலையில் மட்டும் வேண்டாம், வெட்டிக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
உன் மீனா