மண்டபக் கூரையில் விழும் மழை: கோலாலம்பூர் ஆலய நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், செயலவையினர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிந்து மண்டபத்தைக் கழுவிக்கொண்டிருந்தோம். மாலை நான்கு மணிக்கே உரிய மழை பிடித்துக்கொண்டது. கூரை நீர் ஒரு பக்கம் கால்வாயில் கொட்டி ஓடுகிறது. இரண்டடி தள்ளி நாங்கள் குழாய்த் தண்ணீரைத் தரையில் அடித்துக்கொண்டிருக்கிறோம். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லிட்டர் நீர். 300 சதுர மீட்டர் மண்டபத்தில் ஒரு மாலை 40 மில்லிமீட்டர் பெய்தால் 12,000 லிட்டர். சிந்திச் சிதறியது போக 9,000 லிட்டராவது தேறும். நம் நகரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,400 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. பருவக்காற்று மாறும் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் காலை வெயிலில் சூடேறிய ஈரக்காற்று மேலெழுந்து, மாலையில் இடிமழையாக இறங்குகிறது. அத்தனையும் கால்வாய் வழியே கோம்பாக், கிள்ளான் ஆறுகளுக்குப் போகிறது. அந்த வெள்ளத்தைத் திருப்பிவிட 2007இல் 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கத்தையே திறக்க வேண்டியிருந்தது.

அதே ஊரில்தான் 2020 செப்டம்பரில் ஆற்று நீர் மாசுபட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் தண்ணீர் நின்றது. கால் கழுவக்கூட வாளியில் சுமந்து வந்தோம்.

தோட்டத்து லயத்தில் என் பாட்டி தகரக் கூரையின் கீழ் பீப்பாய் வைத்திருந்தார். மழை தொடங்கியதும் அதை நகர்த்திவிடுவார். "மொதத் தண்ணி கூரையைக் கழுவட்டும்" என்பார். தூசியும் பறவை எச்சமும் போன பிறகுதான் பிடிப்பார். இன்று அதே வேலையைச் செய்யும் குழாயமைப்பு இருக்கிறது. கோயிலுக்குக் குளம் வெட்டி மழையைத் தேக்கியவர்களின் பிள்ளைகள் நாம். ஒரு தொட்டி வைப்பது நமக்குப் புதிதில்லை.

அபிஷேகத்துக்கும் சமையலுக்கும் குழாய் நீரே இருக்கட்டும். தரை கழுவ, கழிப்பறைக்கு, துளசிக்கும் வில்வத்துக்கும் மழைநீர் போதும். தொட்டியின் வாயையும் நிரம்பி வழியும் குழாயையும் வலையால் மூட வேண்டும். இல்லாவிட்டால் ஏடிஸ் கொசு குடியேறி டிங்கி வரும். குடிக்கக் கூடாது என்ற பலகையும் அவசியம்.

அடுத்த திருப்பணியில் கூரையில் கைவைக்கும்போது, வரைபடத்திலேயே தொட்டிக்கும் இடம் ஒதுக்குங்கள். கூரையை அளந்து கணக்குப் போட ஆள் வேண்டுமென்றால் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆலயத் தொண்டூழியர்,
செந்தூல்