எட்டு, ஒன்பதாம் வகுப்பு ஓவியப் பாடம் குறித்துப் பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவத்தில் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவரும் ஓவிய நோட்டைப் பார்த்துவிட்டு உங்களில் சிலர் அலுவலகத்துக்குப் போன் செய்தீர்கள். ஒரு படத்தில் குடைக்குள்ளே மட்டும் மழை பெய்கிறதாம். இன்னொன்றில் டவுன் பஸ்ஸுக்குக் கால் முளைத்திருக்கிறதாம். “இதுக்கும் டீச்சர் ‘குட்’ போட்டிருக்காங்களே சார்?” என்று ஒரு தந்தை கேட்டார். ஆமாம், போட்டிருக்கிறார். காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஓவிய வகுப்பில் இப்போது சர்ரியலிச ஓவியர்களைப் பற்றி, அதாவது கனவில் வருவதுபோல நடக்காததை நடந்ததுபோல வரைந்தவர்களைப் பற்றிப் படிக்கிறோம். மலை, சூரியன், தென்னை மரம், பூச்சாடி என்று வருடா வருடம் போட்டதையே போடுவதில் பிள்ளைகளுக்கும் அலுப்பு, ஆசிரியைக்கும் அலுப்பு. அவர் கேட்டார், நான் சரி என்றேன்.

இது வேலையற்றவர்களின் கிறுக்கல் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. ஆனால் இதன் வேர் முதல் உலகப் போரில் இருக்கிறது. ஆந்த்ரே பிரெத்தோன் என்ற பிரெஞ்சு இளைஞர் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது, 1916-இல், போர்முனையில் மனம் பேதலித்துப்போன சிப்பாய்கள் இருந்த மருத்துவமனையில் வேலை செய்தார். அந்தச் சிப்பாய்களின் பேச்சும், மனநல மருத்துவர் பிராய்ட் கனவுகளைப் பற்றி எழுதியவையும் அவரை விடவில்லை. 1924-இல் பாரிஸில் சர்ரியலிச அறிக்கையை வெளியிட்டார். அவருடன் சேர்ந்த மாக்ஸ் எர்ன்ஸ்ட் ஜெர்மன் பீரங்கிப் படையில் இருந்துவிட்டு வந்தவர். படிப்பும் ஒழுங்கும் நிறைந்த நாடுகள்தானே நான்கு வருடம் ஒன்றையொன்று கொன்று குவித்தன? அறிவை மட்டும் நம்பிக் கெட்டது போதும், கனவு காணும் மனம் என்ன சொல்கிறது என்றும் கேட்போம் என்பது இவர்கள் கட்சி.

எங்கள் வகுப்பில் அதிக நேரம் எடுத்துக்கொண்டவர் பெல்ஜியத்தின் ரெனே மாக்ரித். எனக்கும் இவரைத்தான் பிடிக்கும். கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, பிரஸ்ஸல்ஸில் ஒரு சாதாரண வாடகை வீட்டின் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து வரைந்த மனிதர். வயிற்றுப்பாட்டுக்கு விளம்பரப் படங்களும் போட்டார். அதற்கு முன் சுவர்க் காகிதம் தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1938-இல் அவர் வரைந்த ஒரு படத்தில், குளிர்காயும் அடுப்பின் வாயிலிருந்து ஒரு ரயில் எஞ்சின் வெளியே வந்து அந்தரத்தில் நிற்கிறது. மேலே கடிகாரம், மெழுகுவத்தித் தாங்கி, கண்ணாடி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. எஞ்சின் புகை ஒழுங்காகப் புகைபோக்கிக்குள் போகிறது. அந்தப் புகையை முதலில் கவனித்தது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. எதை மாற்றினார், எதை மாற்றாமல் விட்டார் என்று பிள்ளைகள் பட்டியல் போட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது. அவர் மாற்றியது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் நிழல் பிசகாமல், அளவு பிசகாமல், பாடப்புத்தகப் படம்போல அப்படியே இருக்கிறது. அடுப்பை அடுப்பாக வரையத் தெரியாதவர் அதிலிருந்து ரயிலை வரவழைத்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

1936-இல் அவர் வரைந்த இன்னொரு படத்தில் ஓவியரே உட்கார்ந்திருக்கிறார். மேசையில் ஒரு முட்டை. அதைப் பார்த்துப் பார்த்து அவர் வரைவதோ, சிறகு விரித்த ஒரு பறவையை. இதை ஆசிரியர் அறையில் மாட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். 1953-இல் வந்த ஒரு படத்தின் பெயர் ‘கோல்கொண்டா’. ஹைதராபாத் பக்கத்துக் கோல்கொண்டாவேதான். ஆனால் படத்தில் கோட்டையும் இல்லை, வைரமும் இல்லை. ஐரோப்பிய வீடுகளுக்கு முன்னால் தொப்பியும் ஓவர்கோட்டும் அணிந்த ஆண்கள் மழைத்துளிகளாக வானம் முழுக்க நிற்கிறார்கள். பெயர் வைத்துக் கொடுத்தவர் கவிஞரான ஒரு நண்பர். அமெரிக்காவில் ஹூஸ்டனில் இருக்கிறது அந்தப் படம்.

ஸ்பெயின் நாட்டு ஓவியர் சால்வடோர் டாலியைப் பற்றி உங்கள் பிள்ளைகளே வாய் ஓயாமல் சொல்லியிருப்பார்கள். மீசை அப்படிப்பட்டது. அவருடைய ஆர்ப்பாட்டம் எனக்கு ஒத்துவருவதில்லை. ஆனாலும் 1931-இல் வரைந்த அந்த உருகி வழியும் கடிகாரங்களின் முன்னால் வாயை மூடிக்கொள்கிறேன். 24 சென்டிமீட்டருக்கு 33 சென்டிமீட்டர், அவ்வளவுதான் படம். ஏ4 தாளைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குள் எறும்புகூடத் தெரிகிறது. இவர் 1967-இல் ஏர் இந்தியாவுக்குச் சாம்பல் கிண்ணம் வடிவமைத்துக் கொடுத்துவிட்டு, கூலியாக ஒரு யானைக்குட்டி கேட்டார். ஏர் இந்தியாவும் விமானத்தில் அனுப்பிவைத்தது. பிள்ளைகள் கதை விடுவதாக நினைத்துக் கண்டிக்காதீர்கள், நடந்ததுதான்.

இந்தக் குழுவில் எல்லாமே நமக்கு உகந்தது என்று சொல்லமாட்டேன். பெண்ணைக் கனவுப் பொருளாகவே பார்த்த படங்கள் நிறைய உண்டு. வகுப்பில் காட்டும் படங்களை ஆசிரியையும் நானும் சேர்ந்துதான் தேர்ந்தெடுத்தோம். இணையத்தில் பிள்ளைகள் தேடும்போது பக்கத்தில் யாராவது இருங்கள். அந்தக் குழுவிலிருந்த பெண்கள் அப்படி வேடிக்கைப் பொருளாக இருந்துவிடவில்லை என்பதையும் சொல்லித் தருகிறோம். ரெமேதியோஸ் வாரோவின் தந்தை நீர்ப்பாசனப் பொறியாளர். தன் வரைபடங்களை மகளை நகலெடுக்க வைத்தார். அந்தக் கை பழக்கம் அவருடைய எல்லாப் படங்களிலும் தெரியும். 1957-இல் அவர் வரைந்த ஓவியத்தில் ஆந்தை உருவில் ஒரு பெண், நட்சத்திர ஒளியை முப்பட்டகம் வழியாகத் தாளில் இறக்கிப் பறவைகளை வரைகிறாள். வரைந்தவை எழுந்து பறக்கின்றன. இயற்பியல் ஆசிரியர் அதை வாங்கிக்கொண்டு போய்த் தன் வகுப்பில் காட்டினார். இன்னொருவர் லியோனோரா காரிங்டன், 1917-இல் இங்கிலாந்தில் பணக்கார வீட்டில் பிறந்தவர். ஒன்றுக்கு மேற்பட்ட கான்வென்ட் பள்ளிகள் அவரை வெளியேற்றின. தலைமையாசிரியர் எழுதும் கடிதத்தில் இதெல்லாம் வரலாமா தெரியவில்லை, ஆனால் பிள்ளைகள் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் எல்லாம் இழந்து, ஸ்பெயினில் மனநல விடுதியில் அடைபட்டு, 1942-இல் மெக்சிகோ போய்ச் சேர்ந்து, அங்கே 2011 வரை வாழ்ந்தார். வாரோவும் அவரும் அங்கே நெருங்கிய தோழிகள்.

இனி வீட்டு விஷயம். படத்தைக் காட்டியதும் “இதுக்கு என்ன அர்த்தம்?” என்று தயவுசெய்து கேட்காதீர்கள். கேட்டால் பிள்ளை அங்கேயே ஒரு அர்த்தத்தைக் கட்டிவிட்டு அடுத்த முறை பூச்சாடிக்குத் திரும்பிவிடும். “இந்தக் கதவை எப்படி வரைஞ்ச?”, “இந்த நிழல் ஏன் இந்தப் பக்கம் விழுது?” என்று கேளுங்கள், நிறையப் பேசுவார்கள். படத்தில் கறுப்பு அதிகம், முகம் இல்லாத ஆள் இருக்கிறார் என்பதற்காகப் பயப்படவும் வேண்டாம். பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், யாருடனும் பேசாமல் இருந்தால் நேரே என்னிடம் வாருங்கள். படத்தை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள்.

போனில் ஒரு வரி தட்டினால் பறக்கும் யானை வந்துவிடும் என்று எங்களுக்கும் தெரியும். அந்தப் பிரிண்டை ஏற்றுக்கொள்வதில்லை. மதிப்பெண் உண்டா என்று கேட்டவர்களுக்கு: உண்டு, ஆனால் விநோதத்துக்கு இல்லை, வரைந்த கைக்கு.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நூலக அறையில் படங்களை வைக்கிறோம். அன்று நீங்களும் உட்கார்ந்து ஒரு விளையாட்டு ஆட வேண்டும். 1925 வாக்கில் பாரிஸில் இந்த ஓவியர்கள் ஆடியதுதான்: ஒருவர் தலையை வரைந்து தாளை மடித்துக் கொடுப்பார், அடுத்தவர் பார்க்காமலே உடம்பை வரைவார், மூன்றாமவர் காலை. தாத்தா பாட்டிகளையும் அழைத்து வாருங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925-இல் கடலோர விடுதி ஒன்றில் தங்கியிருந்தபோது தேய்ந்த தரைப்பலகைகளின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். மரத்தின் ரேகைகளில் காடும் மிருகங்களும் தெரிந்தன. பிள்ளைகளும் அதையே செய்யப் போகிறார்கள். பழைய முறம், கோரைப்பாய்த் துண்டு, காய்ந்த அரச இலை, கயிறு, சல்லடை என்று வரிவரியாக, சொரசொரப்பாக எது இருந்தாலும் வெள்ளிக்கிழமைக்குள் பெயர் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். கொத்திய அம்மிக்கல் மிக நன்றாக வரும் என்கிறார் ஆசிரியை. அதை மட்டும் தூக்கிக்கொண்டு வரவேண்டாம், வீட்டிலேயே தேய்த்துத் தாளை அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்