சாவா மூவாப் பேராடும் ஒரு விளையாட்டரங்கத்தின் கடனும்: பெர்க்லியில் படித்த தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் படித்துப் பட்டம் பெற்ற தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம்.

இலையுதிர் காலம் பிறந்ததும் நம் எல்லோருக்கும் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை கேட்கும் அந்தத் தொலைபேசி அழைப்பு வரும். மறுமுனையில் பேசுவது பெரும்பாலும் இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ படிக்கிற ஒரு மாணவியாக இருப்பார். எந்தத் துறை, எந்த ஆண்டு, எந்த விடுதி என்று மரியாதையோடு விசாரித்துவிட்டு, நூலகத்துக்கா, கல்வி உதவித்தொகைக்கா, விளையாட்டுக்கா, எதற்குக் கொடுக்க விருப்பம் என்று கேட்பார். "விளையாட்டு வேண்டாம் அம்மா, எனக்கு அந்த ஆட்டமே புரியாது, நூலகத்துக்கு எழுதிக்கொள்ளுங்கள்" என்று நான் பல ஆண்டுகள் சொல்லி வந்தேன். உங்களில் பலரும் ஏறத்தாழ இதையேதான் சொல்கிறீர்கள் என்பதை நம் வீட்டு விருந்துகளில் கேட்டிருக்கிறேன். அந்தப் பதில் போதாது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நான் பேசப்போவது கலிஃபோர்னியா நினைவு விளையாட்டரங்கத்தைப் பற்றி. முதல் உலகப் போரில் உயிரிழந்த கலிஃபோர்னிய மக்களின் நினைவாக, முன்னாள் மாணவர்களும் பொதுமக்களும் கொடுத்த பணத்தில் அது எழுந்தது. வளாகத்தின் பல கட்டடங்களை வடிவமைத்த ஜான் கேலன் ஹோவர்டுதான் அதையும் வடிவமைத்தார். 1923 நவம்பர் 24 அன்று, ஸ்டான்ஃபோர்டுடன் நடந்த ஆட்டத்தோடு அது திறக்கப்பட்டது. நம்மவர்கள் 9-0 என்று வென்றார்கள். அமெரிக்கக் கால்பந்து நமக்குப் பழக்கமான உதைபந்து அன்று. கையில் பந்தை ஏந்தி, தலைக்கவசம் அணிந்து, கஜம் கஜமாக முன்னேறும் அந்த ஆட்டத்தின் விதிகள் புரியாமலேயே நம்மில் பலர் பட்டம் வாங்கிவிட்டோம். ஆனால் அந்த அரங்கம் ஆட்டத்துக்கு மட்டும் உரியதாக என்றும் இருந்ததில்லை. 1962 மார்ச் 23 அன்று குடியரசுத் தலைவர் ஜான் கென்னடி அங்கே உரையாற்றியபோது கேட்க வந்து கூடியவர்கள் 80,000 பேருக்கும் மேல்.

அரங்கம் அமைந்த இடம்தான் அதன் தீராத சிக்கல். ஹேவர்டு நிலப்பிளவு அதன் அடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடுகிறது. 1868 அக்டோபரில் பெரும் நிலநடுக்கத்தை உண்டாக்கிய பிளவு இது. நம்மில் எத்தனையோ பேர் வீடு வாங்கிக் குடியேறியிருக்கும் ஃப்ரீமான்ட் வழியாகவும் செல்வது இதே பிளவுதான். நிலம் நடுங்காத ஆண்டுகளிலும் அது மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கிறது. சீரமைப்புக்கு முந்தைய ஆண்டுகளில் நான் அங்கே படித்தபோது, மேல் விளிம்பின் நடைபாதையில் நின்று, முன்பு ஒன்றாக இருந்த இரண்டு சுவர்கள் விலகி நின்ற இடைவெளிக்குள் விரல்களை நுழைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கச் சுவர் மறுபக்கத்தை விட்டுச் சில அங்குலம் தள்ளியிருந்தது. அன்று என்னோடு வந்த கட்டடப் பொறியியல் மாணவர், ஆட்ட நாளில் இங்கே உட்கார எனக்கு மனம் வராது என்றார்.

எனவே அரங்கத்தைச் சீரமைத்தது தேவையற்ற செலவு என்று நான் சொல்லவில்லை. ஆட்ட நாளில் ஏறத்தாழ 63,000 பேர் அமரக்கூடிய ஒரு கட்டடத்தைப் பிளவின்மீது அப்படியே விட்டுவைக்க எந்தப் பொறுப்புள்ள நிர்வாகத்தாலும் முடியாது. 1923-ஆம் ஆண்டின் வெளிச்சுவரைக் காப்பாற்றிக்கொண்டு, உள்ளே இருந்ததைப் பெருமளவில் இடித்துக் கட்டினார்கள். பிளவின் நேர்மேலே வரும் பகுதிகளை மற்றவற்றிலிருந்து துண்டித்துத் தனித்தனிப் பாளங்களாக அமைத்தார்கள். நிலம் கிழிந்தால் அவை கிடைமட்டத்தில் 6 அடி வரையிலும் செங்குத்தாக 2 அடி வரையிலும் நகர்ந்து கொடுக்கும், நொறுங்காது. 2011 பருவத்தை அணி சான்பிரான்சிஸ்கோவில் ஆடிக் கழித்தது. 2012 செப்டம்பரில் அரங்கம் மறுபடியும் திறந்தது. பொறியியல் வேலையாக மட்டும் பார்த்தால் நாம் பெருமைப்படலாம்.

பணத்தைத் திரட்டிய விதத்தில்தான் தவறு நேர்ந்தது என்பது என் கருத்து. சீரமைப்புக்கு மட்டும் 32.1 கோடி டாலர் ஆனது. பக்கத்தில் கட்டிய விளையாட்டு வீரர் பயிற்சி மையத்தையும் சேர்த்தால், கடன்பத்திரங்கள் வழியாக வாங்கிய தொகை 44 கோடி டாலரைத் தாண்டியது. அதை அடைக்க 2009-இல் ஒரு திட்டம் அறிவித்தார்கள். நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள ஏறத்தாழ 3,000 நல்ல இருக்கைகளை, ஒவ்வொன்றும் 40,000 டாலர் முதல் 2,25,000 டாலர் வரை விலை வைத்து, நாற்பது ஐம்பது ஆண்டு உரிமையோடு முன்னாள் மாணவர்களுக்கும் ரசிகர்களுக்கும் விற்பது. வந்த பணத்தை நிலைநிதியாக முதலீடு செய்வது. அந்த நிதியின் வருவாயில் கடனையும் கட்டி, மற்ற விளையாட்டுகளையும் காலகாலத்துக்கும் காப்பது. எதிர்பார்த்த தொகை 27 கோடி டாலர். தவணையில் கட்டவும் வழி இருந்தது.

கேட்பதற்கு நல்ல ஏற்பாடு. நம் முன்னோருக்கு இதைவிட நன்றாகத் தெரிந்த ஏற்பாடு வேறில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் கொடுத்த செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு கிழடாகலாம், சாகலாம். அவற்றின் இடத்தில் குட்டிகள் வளர்ந்து நிற்கும். கணக்கில் 96 என்றும் 96 தான். அதனால்தான் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று எழுதி வைத்தார்கள். கொடையின் முதல் சாகாது, மூப்படையாது. அதிலிருந்து கிடைக்கும் நெய்யில்தான் விளக்கு எரியும். நிலைநிதி என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் கண்டதில்லை.

பெர்க்லியில் நடந்தது இதற்கு நேர்மாறு. மந்தை வந்து சேருமுன்பே விளக்கை ஏற்றிவிட்டார்கள், அதுவும் கடன் வாங்கிய நெய்யில். பொருளாதாரம் சரிந்து கிடந்த காலத்தில் இருக்கைகள் நினைத்தபடி விற்கவில்லை. அணியும் அடுத்தடுத்துத் தோற்றது. சேர்ந்த பணம் கடனைத் தாங்கும் அளவுக்கு வளரவில்லை. வட்டி மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.8 கோடி டாலர் என்று நின்றது. 2030-களில் முதலும் திரும்பத் தொடங்கும்போது ஆண்டுச் சுமை இன்னும் ஏறும். கடைசிப் பத்திரங்கள் தீர அடுத்த நூற்றாண்டு பிறந்திருக்கும். மைதானத்துக்குப் பெயர் சூட்டும் உரிமையை விற்றும் பார்த்தார்கள். 2013-இல் வந்த விளையாட்டுச் செயலி நிறுவனம் சில ஆண்டுகளில் விலகியது. 2021-இல் வந்த எஃப்டிஎக்ஸ் என்ற மின்நாணயச் சந்தை 2022 நவம்பரில் திவாலானது. 2018 முதல் வரிச்சட்டமும் மாறிவிட்டது. அதுவரை இருக்கை வாங்கும் உரிமைக்காகக் கொடுத்த நன்கொடையில் 80 விழுக்காட்டுக்கு வருமான வரியில் கழிவு உண்டு. அது அடியோடு நீங்கியது. இத்தகைய இருக்கைக் கொடைகளை நம்பிய எல்லாப் பல்கலைக்கழகங்களையும் அது பாதித்தது.

எனக்குப் பழைய பதில் போதாமல் போனது இந்த இடத்தில்தான். 2018-இல், நிலநடுக்கப் பாதுகாப்பு வளாகம் முழுவதுக்கும் பொதுவான பொறுப்பு என்ற அடிப்படையில், இந்தக் கடனில் பாதிக்கு மேற்பட்ட பங்கை விளையாட்டுத் துறையின் தோளிலிருந்து இறக்கிப் பல்கலைக்கழகத்தின் பொதுக் கணக்கே ஏற்றுக்கொண்டது. விளையாட்டுத் துறை ஆண்டுதோறும் பற்றாக்குறையில் மூழ்கிக்கொண்டிருந்த நிலையில் அன்றைய வேந்தர் கேரல் கிறிஸ்டுக்கு வேறு வழி அதிகம் இருந்திருக்காது. அவரைக் குறைகூற இதை எழுதவில்லை. ஆனால் அன்று முதல் அரங்கத்தின் வட்டியும் வகுப்பறையின் செலவும் ஒரே பானையிலிருந்துதான் போகின்றன. எனக்கு ஆட்டம் புரியாது, நான் நூலகத்துக்குத்தான் தருவேன் என்று நாம் ஒதுங்கி நிற்கலாம். நாம் கொடுக்கும் டாலர் நூலகத்துக்கே போய்ச் சேரும், அதில் ஐயமில்லை. ஆனால் பொதுக் கணக்கிலிருந்து நூலகத்துக்குப் போயிருக்க வேண்டிய இன்னொரு டாலர் பத்திரக்காரருக்குப் போகக்கூடும். கடன் நம் வீட்டுக் கடனாகிவிட்டது.

எப்படிக் கேட்டால் முன்னாள் மாணவர்கள் மனமுவந்து கொடுப்பார்கள் என்பதற்கு அதே வளாகத்தில் ஒரு நல்ல சான்று உண்டு. 2010 செப்டம்பரில் பணமில்லை என்று ஐந்து விளையாட்டுகளிடமிருந்து பல்கலைக்கழக அணி என்ற தகுதியைப் பறிக்கப் பல்கலைக்கழகம் முடிவு செய்தது. அதில் பேஸ்பால் அணியும் ஒன்று. அந்த அணியில் ஒரு காலத்தில் ஆடிய பழைய மாணவர்கள் கூடி, இத்தனை ஆண்டுக்கு இவ்வளவு வேண்டும், இன்றுவரை இவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்கள். சில மாதங்களில் ஒரு கோடி டாலரை நெருங்கும் அளவுக்குப் பணமும் உறுதிமொழியும் வந்தன. 2011 ஏப்ரலில் அணி மீட்கப்பட்டது. அந்த ஜூன் மாதமே, ஒழிந்துபோகவிருந்த அந்த அணி ஓமஹாவில் நடந்த கல்லூரி உலகத் தொடரில் போய் நின்றது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பெரும் பணக்காரர்களாக இருந்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. என்ன தேவை என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

நமக்கும் இது புதிதன்று. பேராசிரியர் ஜார்ஜ் ஹார்ட் அவர்கள் சங்கப் பாடல்களைக் கற்பித்த அதே வளாகத்தில் தமிழுக்கு ஒரு பீடம் நிலைக்க, 1990-களில் அமெரிக்கத் தமிழர்கள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார்கள். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் சேர்ந்ததை 2018-இல் பார்த்தோம்; தமிழ்நாடு அரசு அதில் 10 கோடி ரூபாய் கொடுத்தது, பள்ளிப் பிள்ளைகள் உண்டியலை உடைத்துக் கொடுத்தார்கள். தொகை முழுவதும் கைக்கு வந்த பிறகுதான் இருக்கை. முதலைத் தொடக் கூடாது. வருவாயில் மட்டுமே ஆசிரியருக்கு ஊதியம். இந்த ஒழுங்கு நமக்குப் பழக்கம் என்பதால்தான் அரங்கத்தின் கணக்கைப் பற்றிப் பேச நமக்கு உரிமையும் கடமையும் இருப்பதாக நினைக்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த அழைப்பு வரும்போது தொலைபேசியை வைத்துவிடாதீர்கள். பேசும் மாணவி மணிக்கணக்கில் மறுப்புகளைக் கேட்டுக் களைத்திருப்பார், அவரிடம் கடிந்தும் பேசாதீர்கள். விளையாட்டரங்கக் கடனைப் பற்றி எனக்கு எழுத்தில் ஒரு பதில் வேண்டும் என்று மட்டும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இன்றைய நிலையில் முதல் எவ்வளவு நிற்கிறது, அந்த ஆண்டு வட்டியாகப் போனது எவ்வளவு, இருக்கை விற்பனையில் சேர்ந்த நிலைநிதியில் எவ்வளவு மிச்சம் என்பது ஒரே பக்கத்தில், முன்னாள் மாணவர் எல்லோருக்கும், ஒவ்வோர் ஆண்டும் வர வேண்டும். நாம் படித்தது ஓர் அரசுப் பல்கலைக்கழகம். இதில் மறைக்க எதுவும் இல்லை, மறைக்கிறார்கள் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான பக்கங்கள் உள்ள நிதியறிக்கையில் தேடிப் பிடிப்பது வேறு, கையேந்தும் கடிதத்திலேயே கணக்கும் இருப்பது வேறு.

அப்படி ஒரு கணக்கு வந்தால், என் பங்கை அரங்கத்துக்கும் கொடுக்க அணியமாக இருக்கிறேன். கடனின் முதலைக் குறைக்கவோ, தொடக்கூடாத நிலைநிதியாக வைக்கவோ மட்டுமே இந்தப் பணம் என்று நன்கொடைப் படிவத்தில் எழுதிக் கொடுப்பேன். அதை ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் வாங்கிக்கொள்வேன். வட்டி கட்டவும் அந்த ஆண்டுப் பற்றாக்குறையை மூடவும் ஒரு டாலரும் தரமாட்டேன். உங்களுக்கும் இதையே பரிந்துரைக்கிறேன். நம்மில் பலர் வேலை பார்க்கும் நிறுவனங்கள், ஊழியர் கொடுக்கும் கொடைக்கு ஈடாகத் தாமும் அதே தொகையைத் தருகின்றன; இருக்கையோ நுழைவுச்சீட்டோ கைமாறாகக் கிடைக்கும் கொடைக்கு அது பெரும்பாலும் கிடைக்காது என்பதால், கைமாறு எதுவும் வேண்டாம் என்று சொல்லிக் கொடுப்பதே நல்லது.

இதை இப்போதே கேட்க வேண்டிய அவசரமும் இருக்கிறது. பழைய மேற்குக் கரைக் கூட்டமைப்பு உடைந்து, 2024 முதல் நம் அணி அட்லாண்டிக் கரைக் கல்லூரிகளோடு ஆடுகிறது. தொலைக்காட்சி வருவாயில் தொடக்க ஆண்டுகளில் முழுப் பங்கும் கிடைப்பதில்லை. 2025 முதல் வீரர்களுக்குப் பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றாகிவிட்டது. முதல் ஆண்டு வரம்பு ஏறத்தாழ 2.05 கோடி டாலர். அந்த இளைஞர்களின் உழைப்புக்கு ஊதியம் கிடைப்பதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் நன்கொடையாளரிடம் நீளும் கைகள் இனி கூடும். புதிய தேவைகளின் ஆரவாரத்தில் பழைய கடனின் முதல் அப்படியே கிடக்கும், அதைத் திருப்பத் தொடங்க வேண்டிய 2032 வந்துவிடும்.

அரங்கத்துக்குக் கிழக்கே ஒரு மேடு உண்டு. டைட்வாட் ஹில் என்பார்கள். கஞ்சர் குன்று என்று நாம் சொல்லலாம். நுழைவுச்சீட்டு வாங்கப் பணமில்லாதவர்கள் காலங்காலமாக அங்கே உட்கார்ந்துதான் ஆட்டம் பார்க்கிறார்கள். நம் அணி புள்ளி எடுக்கும்போதெல்லாம் பீரங்கி வெடிப்பதும் அங்கிருந்துதான். உதவித்தொகையில் மாதத்தை ஓட்டிய நாட்களில் நானும் ஒரு நவம்பர் மாலையில் அங்கே போய் அமர்ந்தேன். ஆட்டம் அன்றும் புரியவில்லை. கீழே பட்டப்பகல்போல் விளக்குகள், அதற்கப்பால் வளைகுடா நீர், பக்கத்தில் தன் கம்பளியில் பாதியை எனக்கு விரித்துக் கொடுத்த ஒரு முதியவர். 1950-களில் பட்டம் பெற்றவர் என்று சொன்னார். ஆண்டுக்கு 25 டாலர் இந்த அரங்கத்துக்கு அனுப்புவதாகவும், அனுப்பிய ரசீதுகளையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருப்பதாகவும் சொன்னார்.

வேந்தருக்கும் நிதி திரட்டும் அலுவலகத்துக்கும் அனுப்ப ஒரு பக்கக் கடிதம் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மேலே சொன்ன மூன்று கேள்விகளைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை. உங்கள் பெயரும் பட்டம் பெற்ற ஆண்டும் சேர்த்து ஒப்பமிட்டால், இந்த ஆட்டப் பருவம் முடியுமுன் அனுப்பிவிடலாம்.

அன்புடன்,
பெர்க்லியின் முன்னாள் மாணவன் ஒருவன்
ஃப்ரீமான்ட்