கவனத்தில் எடுக்கப்பட்டது

அன்பின் நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மேசையில் நெடுநேரம் உட்கார முடியவில்லை. இப்போது பொல்லு இல்லாமல் கடைத்தெருவரை போய் வருகிறேன். உன் வளவுக் கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை காய்த்ததா என்று நீ எழுதவே இல்லை.

ஓய்வுபெற்ற பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். சிரிக்காதே, இங்கே இங்கிலாந்தில் எங்கள் ஊர்ச் சபையான கவுன்சிலின் கூட்டங்களுக்குப் போகிறேன். பிரதேச சபையில் கூட்டறிக்கை எழுதியே தலை நரைத்தவன் நீ. காசு கொடுத்தாலும் இனி ஒரு கூட்டத்தில் உட்காரமாட்டாய் என்று தெரியும். நான் வலியப் போகிறேன்.

எங்கள் பகுதியில் முதியோருக்கான பகல்நேர நிலையம் ஒன்று இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் நம் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே கூடி கரம் விளையாடுவோம், ஊர்க்கதை பேசுவோம். அதை மூடிவிட்டு எல்லோரையும் வேறொரு நிலையத்துக்கு அனுப்புவதென்று கவுன்சிலின் அமைச்சரவை முடிவெடுத்தது. ஆம், இங்கே கவுன்சிலுக்கும் அமைச்சரவை உண்டு. 2000ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டம் வருமுன் கவுன்சிலர்கள் எல்லோரும் ஏதாவதொரு குழுவில் இருந்து சேர்ந்தே முடிவெடுத்தார்கள். அந்தச் சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலான சபைகளில் தலைவரும் அதிகபட்சம் ஒன்பது பேரும் முடிவெடுக்கிறார்கள். மற்றவர்களுக்குக் கிடைத்தது அந்த முடிவுகளைக் கேள்வி கேட்கும் ஆய்வுக் குழு. அமைச்சரவையில் இருப்பவர் அதில் உட்கார முடியாது. அழைத்தால் வந்து பதில் சொல்லியாக வேண்டும், அதிகாரிகளும் அப்படியே.

எடுத்த முடிவை நடைமுறைக்கு வருமுன் திருப்பி அழைத்து விசாரிக்கவும் குழுவால் முடியும். அதற்குச் சில நாட்கள்தான் அவகாசம். எங்கள் வட்டாரக் கவுன்சிலர் ஓடித்திரிந்து அதற்கு வேண்டிய கையெழுத்துச் சேர்த்துவிட்டார்.

கூட்டத்துக்கு நான் தனியாகத்தான் போனேன். மாலை ஏழு மணி. ஹீட்டர் அனல் கக்கியது, எல்லோர் முகத்திலும் தூக்கம். பேசுபவரின் மைக்கில் சிவப்பு விளக்கு எரியும், முடிந்ததும் அணையும். அமைச்சரவை உறுப்பினர் அழகாகப் பேசினார். 'நவீனமயப்படுத்தல்' என்ற சொல் ஐந்து தடவை வந்தது, எண்ணினேன். இனி வழக்கம்போல அறிக்கை 'கவனத்தில் எடுக்கப்பட்டது' என்று எழுதி அடுத்த விடயத்துக்குப் போவார்கள் என்று நினைத்தேன். உன் கையெழுத்தில் அந்தச் சொல்லை எத்தனை கூட்டறிக்கைகளில் பார்த்திருப்பேன்!

அப்போது குழுவிலிருந்த, அந்த அமைச்சரவை உறுப்பினரின் கட்சியையே சேர்ந்த கிழவர் ஒருவர் கை உயர்த்தினார். முன்பு பஸ் சாரதியாக இருந்தவராம். கட்டுக்கட்டான தாள்களில் ஒரு பக்கத்தை மடித்து வைத்திருந்தார். "இந்தப் பட்டியலில் மினி பஸ் செலவு பூச்சியம் என்று இருக்கிறது. இவர்கள் புதிய இடத்துக்கு எப்படிப் போவார்கள்?" பொதுப் போக்குவரத்து உண்டு என்றார் உறுப்பினர். "எந்த பஸ்?" உறுப்பினர் பக்கத்திலிருந்த அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தாள்களைப் புரட்டினார். எழுத்தில் பதில் தருவதாகச் சொன்னார்கள். "பதில் தெரிந்தவர் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார், இப்போதே சொல்லலாம்" என்றார் கிழவர். கடைசியில் வந்தது: இரண்டு பஸ், நடுவே ஒரு மேம்பாலம். மேம்பாலத்துக்கு லிப்ட் கிடையாது. என் முழங்காலுக்கு அந்தப் பாலம் நன்றாகத் தெரியும்.

அன்று முடிவு மாறவில்லை. மாற்றும் அதிகாரமும் அந்தக் குழுவுக்கு இல்லை, மீண்டும் யோசியுங்கள் என்று திருப்பி அனுப்பத்தான் முடியும். அமைச்சரவை யோசித்தது, அதே முடிவை மறுபடி எடுத்தது. எங்களை ஏற்றிப்போகும் மினி பஸ் மட்டும் தப்பியது. இதை வெற்றி என்பதா தோல்வி என்பதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கரம் பலகையும் எங்களோடு வந்துவிட்டது, அது வேறு.

அதன் பிறகு எனக்கு இதில் ஒரு பித்துப் பிடித்துவிட்டது. நோர்தாம்ப்ரன்ஷயர் கவுண்டி சபையின் கதையைத் தேடிப் படித்தேன். 2017 ஒக்டோபரில் 53 மில்லியன் பவுண் செலவில் புதிய தலைமையகம் திறந்தார்கள். 2018 பெப்ரவரியில், இனிப் புதிய செலவு எதுவும் செய்யக்கூடாது என்று அவர்களுடைய நிதி அதிகாரியே 114ஆம் பிரிவின் கீழ் அறிவித்தல் விட்டார். கவுன்சில் வங்குரோத்து என்பதற்கு இங்கே அதுதான் பெயர். அடுத்த மாதமே, அரசாங்கம் விசாரிக்க அனுப்பிய மக்ஸ் காலர் என்பவரின் பரிசோதனை அறிக்கை வந்தது. முறையான கேள்வி கேட்ட கவுன்சிலர்களுக்குப் பதில் மறுக்கப்பட்டதையும், அமைச்சரவை எவ்வளவுக்கு இடம் கொடுக்கும் என்று பார்த்தே ஆய்வுக் குழு நடந்துகொண்டதையும் அதில் எழுதியிருக்கிறார். விசாரிக்க வேண்டியவர் விசாரிக்கப்படுபவரிடம் அனுமதி கேட்டிருக்கிறார்! அந்தக் கவுண்டி சபையையும் அதன் கீழிருந்த ஏழு மாவட்ட சபைகளையும் கலைத்து 2021 ஏப்ரலில் இரண்டு புதிய சபைகளாக்கினார்கள்.

அது கன்சர்வேட்டிவ் கட்சியின் கோட்டை. நம் ஆட்கள் நிறையப் பேர் வாழும் லண்டனின் குரோய்டன் தொழிற்கட்சியின் கையில் இருந்தது. அங்கே 'பிரிக் பை பிரிக்' என்று கவுன்சிலே ஒரு வீடு கட்டும் கம்பனி தொடங்கி, ஏறத்தாழ 200 மில்லியன் பவுண் கடன் கொடுத்தது. 2020 ஒக்டோபரில் கணக்காய்வாளர்களின் அறிக்கை வந்தது, நவம்பரில் அதே 114. எல்லோருமாகச் சேர்ந்து குருடாயிருந்தார்கள் என்ற பொருள்படக் கணக்காய்வாளர்கள் எழுதியிருந்தார்கள். எந்தக் கட்சி என்பதில் ஒன்றும் இல்லை. குழுவிலும் பெரும்பான்மை ஆளும் கட்சிக்குத்தான், ஏனென்றால் சபையின் கட்சி விகிதப்படியே ஆட்களைப் போடுகிறார்கள். தன் தலைவரிடம் கடுமையாகக் கேள்வி கேட்டவருக்கு அடுத்த தேர்தலில் தொகுதி கிடைக்குமா? எங்கள் பஸ் சாரதிக் கிழவருக்கு இனி எந்தப் பதவியிலும் ஆசை இல்லை. அவருடைய துணிவின் இரகசியம் அதுவென்றே நினைக்கிறேன்.

ஷெஃபீல்ட் மக்கள் இந்த ஏற்பாடே வேண்டாமென்று 2021இல் வாக்களித்துப் பழைய குழு முறைக்கே திரும்பிவிட்டார்கள். அது நல்லதா என்று நீதான் சொல்ல வேண்டும், பழைய முறையை உள்ளிருந்து பார்த்தவன் நீ. அங்கே இலங்கையில் உங்களிடம் கோடரி ஒன்று இருந்தது: வரவுசெலவுத் திட்டம் இரண்டு தரம் தோற்றால் தலைவர் வீட்டுக்குப் போக வேண்டும். 2020 முடிவில் யாழ்ப்பாண மாநகர முதல்வர் அப்படித்தான் பதவி இழந்தார். இங்கே அப்படி வெட்டி விழுத்துவதில்லை. ஊசியால் குத்திக்கொண்டே இருக்க வேண்டும். குழு ஒரு பரிந்துரை செய்தால் அமைச்சரவை இரண்டு மாதத்துக்குள் பதில் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அந்தத் திகதியைக் குறித்து வைத்துப் பதில் எங்கே என்று கேட்க ஒருவர் வேண்டுமே. எங்கள் குழுவில் அப்படி யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கலண்டரில் நான் குறித்து வைத்திருக்கிறேன்.

மனைவி, தேவையில்லாமல் இதற்குள் ஏன் போய் விழுகிறீர்கள் என்கிறாள். ஆனால் கூட்ட நாளில் சாப்பாடு மட்டும் நேரத்தோடு தந்துவிடுகிறாள்.

அடுத்த மாத நிகழ்ச்சிநிரல் நேற்று வந்தது. ஆறாவது விடயம் எங்கள் நிலையம், மினி பஸ்ஸை எதுவரை ஓட்டுவது என்பது. அதன் எதிரே 'கவனத்தில் எடுப்பதற்காக' என்று போட்டிருக்கிறார்கள். பென்சிலால் வட்டம் போட்டு, கிழவருக்கு ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன்.

பத்து மணிக்கு மினி பஸ் வரும், போகிற வழியில் இதைத் தபாலில் போடுகிறேன். மாமரத்தைப் பற்றி எழுது.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்